ஜோனி மிச்செலைச் சக கலைஞராகக் கேட்பது: கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவில் பிறந்த பாடகியும் பாடலாசிரியருமான ஜோனி மிச்செலின் பாடல்களை முதல் நான்கு ஆண்டுகள் நான் தவறாகவே வாசித்துக்கொண்டிருந்தேன். தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் பழகியவன் என்பதால் ஜி, சி, டி, இ மைனர் என்று நாலைந்து கார்டுகள் (பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கும் பிடிகள்) என் கைக்கு நன்றாகப் படிந்திருந்தன. யாரோ எழுதி வைத்த கார்டுத் தாளைப் பார்த்து அவற்றையே அடித்தேன். மெட்டும் தாளமும் சரியாகவே இருந்தன, ஆனாலும் அந்தப் பாட்டு வரவில்லை. ஒலிப்பதிவில் ஒவ்வொரு கார்டுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு ஸ்வரம் அணையாமல் நின்றுகொண்டிருந்தது. என் கிட்டாரில் எங்கே தேடியும் அது அகப்படவில்லை. அவர் தம் கிட்டாரின் தந்திகளை வேறு சுருதிகளில் சேர்த்திருந்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

ஒரு பாடகியை நேசிக்கும் ரசிகருக்கு அவருடைய பாட்டு போதும். அதே பாடகியை நேசிக்கும் வாத்தியக்காரருக்கோ, அந்த ஒலி எந்தக் கையால், எந்தத் தந்தியில், என்ன நெருக்கடியில் பிறந்தது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. இந்த வழிகாட்டி இரண்டாம் வகையினருக்கானது. ஒரு சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு கேப்போ (கழுத்தில் மாட்டி எல்லாத் தந்திகளின் சுருதியையும் ஏற்றும் கவ்வி), ஒரு டியூனர், கைவசம் ஒரு செட் மாற்றுத் தந்திகள் ஆகியவை போதும். மூன்று மாதங்கள் ஒதுக்க முடிந்தால் நல்லது. கர்நாடக இசையில் சரளி வரிசை அளவுக்கேனும் பழக்கமிருப்பவர்களுக்கு மூன்றாம் படி மற்றவர்களைவிட எளிதாக இருக்கும். காரணத்தை அங்கே சொல்கிறேன்.

முதல் படி: எழுதத் தொடங்குவதற்கு முந்திய குரலிலிருந்து ஆரம்பியுங்கள்

பெரும்பாலோர் 1971-இல் வந்த ‘ப்ளூ’ ஆல்பத்திலிருந்து தொடங்குகிறார்கள். கேட்பதற்கு அது மிகச் சிறந்த வாசல்தான். கற்பதற்கு அவ்வளவு பொருந்தாது. அங்கே எல்லாமே முடிந்துபோயிருக்கிறது, தையல் தெரிவதில்லை.

அவர் 1943 நவம்பர் 7 அன்று கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஃபோர்ட் மெக்லியோட் என்ற ஊரில் ராபர்ட்டா ஜோன் ஆண்டர்சனாகப் பிறந்து, சாஸ்கட்டூன் நகரில் வளர்ந்தவர். 1963 முதல் 1967 வரையிலான அவருடைய பதிவுகள், ஆவணத் தொகுப்பின் முதல் பகுதியாக 2020-இல் வெளிவந்தன. அதில் முதலில் கேட்பது, தாமாக எதையும் எழுதியிராத ஓர் இளம்பெண் மற்றவர்களைப் போலவே பாரம்பரிய நாட்டுப்பாடல்களைப் பாடுவதைத்தான். குரல் அழகாக இருக்கிறது, கிட்டார் சாதாரணமாக இருக்கிறது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அங்கிருந்து காலவரிசைப்படி வாருங்கள். 1968-இல் பாடகர் டேவிட் கிராஸ்பி தயாரித்த முதல் ஆல்பம், 1969-இல் ‘கிளவுட்ஸ்’, 1970-இல் ‘லேடீஸ் ஆஃப் தி கேன்யன்’, அதன் பிறகு ‘ப்ளூ’. ஒரு வாரத்துக்கு ஓர் ஆல்பம் என்று வைத்துக்கொண்டு, ஒரு முறை கேட்கும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்திருங்கள். முதல் முறை அடித்தந்தி என்ன செய்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை குரல் எந்த இடத்தில் எடுப்பு எடுக்கிறது என்பதை மட்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்க நினைத்தால் மறுபடியும் ரசிகராகிவிடுவீர்கள்.

இரண்டாம் படி: கையை அறிந்துகொள்ளுங்கள்

ஒன்பது வயதில் அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. பிழைத்து எழுந்து நடந்தார், ஆனால் இடது கையின் வலு குறைந்துபோயிற்று. பிற்காலத்தில் கிட்டார் கழுத்தின் மேல் விரல்களை அகல விரித்துச் சிக்கலான கார்டுகளைப் பிடிக்க அந்தக் கை ஒத்துழைக்கவில்லை. மனத்தில் கேட்ட கார்டுகளோ சிக்கலானவை. விரலால் முடியாததைத் தந்தியைக் கொண்டு செய்துகொள்ளலாம் என்ற வழி அங்கேதான் திறந்தது: தந்திகளையே வேறு சுருதிகளில் சேர்த்துவிட்டால், ஒன்றிரண்டு விரல்களை வைத்தாலே கனமான கார்டு ஒன்று கிடைத்துவிடும்.

வலது கையின் கதையும் இதுபோன்றதுதான். அவர் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரின் கிட்டார் பாட இசைத்தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு கிட்டார் கற்க முயன்றார். அந்தத் தட்டில் இருந்த பாடங்களில் ஒன்று எலிசபெத் காட்டனின் மீட்டு முறை. காட்டன் வட கரோலினாவைச் சேர்ந்த கறுப்பினப் பெண்மணி. இடது கைப் பழக்கமுள்ளவர், வலது கைக்காரர்களுக்கான கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, விரல்களால் அடித்தந்திகளையும் கட்டைவிரலால் மெட்டையும் வாசித்தவர். சீகர் குடும்பத்து வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தபோதுதான் அவருடைய வாசிப்பு வெளியே தெரியவந்தது. முதல் ஆல்பம் 1958-இல் வெளிவந்தபோது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். அந்த முறையில் கட்டைவிரல் இரண்டு அடித்தந்திகளுக்கிடையே மாறி மாறி விழ வேண்டும். ஜோனிக்கு அது வரவில்லை. அவருடைய கட்டைவிரல் பெரும்பாலும் மிகத் தடித்த ஆறாவது தந்தியிலேயே விழுந்து ஐந்தாவதை உரசிக்கொண்டு நின்றது. காட்டனின் பாதிப்பு தம்மிடம் இருப்பது, அவரைப்போல் வாசிக்க முடியாமற்போனதன் வடிவத்தில்தான் என்ற பொருள்பட ஜோனியே பேசியிருக்கிறார்.

எனவே இந்தப் படியில் செய்ய வேண்டியது: காட்டனின் ‘ஃபிரெய்ட் டிரெயின்’ பாடலை இரண்டு வாரங்கள் பழகுங்கள். கட்டைவிரலைச் சரியாக மாற்றி மாற்றி வாசிக்க முடிகிறவரை விடாதீர்கள். அதன் பிறகு ஜோனியின் முதல் ஆல்பத்தைக் கேட்டால், அவருடைய கட்டைவிரல் எந்த இடத்தில் வழி தவறி, தவறிய வழியையே தம் பாதையாக்கிக்கொண்டது என்பது காதில் விழும். ஒரு கலைஞரின் பாடாந்தரத்தைத் தேடிப் போவது நம் ஊரில் புதிதல்ல. குருவுக்குக் குரு யார் என்று கேட்காமல் நாம் யாரையும் பாராட்டுவதில்லை. அதையே இங்கும் செய்கிறோம்.

மூன்றாம் படி: தந்திகளை மாற்றிச் சேருங்கள்

இதுதான் விஷயத்தின் மையம் என்பதால் இங்கே நிதானமாக நிற்போம்.

1960-களின் நடுவில், அவர் டெட்ராய்டில் வாழ்ந்தபோது, பாடகர் எரிக் ஆண்டர்சன் அவருக்கு ஓப்பன் ஜி என்ற, விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும் சுருதியமைப்பைக் காட்டிக்கொடுத்தார். அது புதிய கண்டுபிடிப்பன்று. அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸ் கலைஞர்களும் ஹவாய்த் தீவின் கிட்டார் கலைஞர்களும் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தியது. ஆண்டர்சன் காட்டியது ஒரு வாசல். அதன் வழியாக உள்ளே போன ஜோனி, தம் வாழ்நாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுருதியமைப்புகளை உண்டாக்கினார்.

இத்தனையையும் நினைவில் வைக்க அவர் கையாண்ட குறியீடு மிக எளிமையானது. ஆறாவது தந்தியின் ஸ்வரத்தை எழுத்தால் எழுதி, அதற்கு அடுத்த ஒவ்வொரு தந்தியும் முந்திய தந்தியின் எத்தனையாவது ஃபிரெட்டோடு (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பியோடு) சேர வேண்டும் என்பதை எண்ணால் எழுதுவார். வழக்கமான சுருதி இதில் ‘இ 55545’ ஆகும். ஓப்பன் ஜி ‘டி 57543’. ஓப்பன் டி ‘டி 75435’. எழுத்து மாறினாலும் எண்கள் மாறாவிட்டால் விரல் இடங்கள் அப்படியே இருக்கும். நாம் ஒரு கீர்த்தனையை நாலு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்கு மாற்றிப் பாடுவதைப் போன்றது இது. ஜோயல் பெர்ன்ஸ்டைன் என்பவர் அவருடைய கிட்டார்களைப் பராமரித்ததோடு இந்தக் குறிப்புகளையும் காத்து வைத்தார். இன்று சரியான சுருதிகளுடன் அச்சிட்ட பாடல் புத்தகங்கள் கிடைக்கின்றன. நான் செய்ததுபோல் யாரோ எழுதிய கார்டுத் தாளை நம்ப வேண்டிய அவசியம் இனி யாருக்கும் இல்லை.

முதலில் ஓப்பன் டி சேருங்கள். ஆறாவது தந்தியை இ-யிலிருந்து டி-க்கு, மூன்றாவதை ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு, இரண்டாவதைப் பி-யிலிருந்து ஏ-க்கு, முதலாவதை இ-யிலிருந்து டி-க்கு இறக்க வேண்டும். இறக்கும்போது சற்று அதிகமாகவே இறக்கிவிட்டு, பிறகு மேலேற்றிச் சேருங்கள். மேலிருந்து கீழே வந்து நிறுத்திய தந்தி இரண்டே நிமிடங்களில் நழுவிவிடும். ‘பிக் யெல்லோ டாக்ஸி’ பாடல் இந்த 75435 உருவத்தில் அமைந்தது. அதை ஓப்பன் இ-யில் வாசிக்க வேண்டுமென்றால் தந்திகளை ஏற்றாதீர்கள். ஓப்பன் டி-யிலேயே வைத்து இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ போடுங்கள். நான் ஏற்றப் போய், ஒரு திருமண வரவேற்பு மேடையில் மூன்றாவது தந்தி அறுந்து, மணமகனின் தாய்மாமன் பயந்துபோய் எழுந்து நின்றதை இன்றும் உறவினர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இப்போது எந்த விரலும் வைக்காமல் ஆறு தந்திகளையும் ஆறாவதிலிருந்து முதலாவது வரை மீட்டுங்கள். டி-யை ஸட்ஜமாகக் கொண்டால் கேட்பது ஸ, ப, ஸ, க, ப, ஸ. வீணையின் வாசிப்புத் தந்திகளும் தாளத் தந்திகளும் ஸட்ஜத்திலும் பஞ்சமத்திலுமே நிற்பவை; தம்புராவில் வளர்ந்த காதுக்கு இந்த அடித்தளம் அந்நியமானதல்ல. ஒரே வேறுபாடு, மூன்றாவது தந்தியில் அந்தர காந்தாரம் வெளிப்படையாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்து ஓப்பன் ஜி சேர்த்து மீட்டினால் ப, ஸ, ப, ஸ, க, ப என்று வரும். அடியில் பஞ்சமம் இருப்பதால் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருப்பதுபோன்ற ஒரு நிலையின்மை கேட்கும். ‘லிட்டில் கிரீன்’ பாடலின் உருவம் இதுதான்.

இந்த இரண்டிலும் கை பழகிய பிறகே 1976-இன் ‘ஹெஜிரா’ ஆல்பத்துக்குப் போங்கள். அதில் முதற்பாடலான ‘கயோட்டி’யின் சுருதி ‘சி 77374’, அதாவது சி, ஜி, டி, எஃப், சி, இ. சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு ஸ்வரங்களாகப் படித்துப் பாருங்கள்: ஸ, ப, ரி, ம, ஸ, க. ரிஷபமும் காந்தாரமும் மத்யமமும் ஒரே மீட்டலில் ஒன்றாக ஒலிக்கின்றன. ராக ஆலாபனையில் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டியவை இங்கே ஒரே நேரத்தில் நிற்கின்றன. எதுவும் எதிலும் போய் அடங்குவதில்லை. இப்படி முடியாமல் தொங்கும் கார்டுகளை விசாரணைக் கார்டுகள் என்ற பொருளில் அவர் குறிப்பிட்டு வந்திருக்கிறார். தம் வாழ்க்கையில் விடை தெரியாத கேள்விகள் இருந்ததால், விடை சொல்லி முடிக்கும் கார்டுகள் தமக்குப் பொருந்தவில்லை என்பது அவர் தந்த விளக்கம். நான்கு ஆண்டுகளாக நான் தேடிய அந்த அணையாத ஸ்வரம் இதுதான். விரலால் பிடித்த ஸ்வரம் விரலை எடுத்ததும் அணைந்துவிடும். வெறுந்தந்தியாக விட்ட ஸ்வரம் அடுத்த கார்டிலும் நின்று அதன் பொருளை மாற்றும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. ஆறாவது தந்தியைச் சி வரை இறக்கினால் அது தளர்ந்து ஃபிரெட்டில் அடித்துச் சத்தம் போடும். இப்படிப்பட்ட சுருதிகளில் நீண்ட நாள் வாசிக்கப் போகிறவர்கள், வழக்கமான 12 கேஜ் செட்டுக்குப் பதிலாகச் சற்றுத் தடித்த 13 கேஜ் செட் போட்டுக்கொள்வது நல்லது.

நான்காம் படி: வலது கை

அவர் கிட்டாரை ஒரு சிறு வாத்தியக் குழுவாகவே எண்ணினார்; மேல் தந்திகள் காற்றுக் கருவிகள், அடித்தந்தி பேஸ். ஆகவே வாசிக்கும்போது எல்லாத் தந்திகளையும் ஒரே பலத்தில் அடிக்காதீர்கள். நான்கு தாளச் சுற்றுகள் அடித்தந்தியை மட்டும், அடுத்த நான்கு மேல் மூன்று தந்திகளை மட்டும், அதன் பிறகு இரண்டையும் சேர்த்து என்று பழகுங்கள். விரல்களை உயர்த்தித் தந்தியின் மேல் தட்டி நிறுத்தும் ஓசையும் அவருடைய தாளத்தின் பகுதி. காணொளியை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் சொற்களைவிட விரைவில் புரியும்.

‘ப்ளூ’ ஆல்பத்தின் ‘எ கேஸ் ஆஃப் யூ’, ‘கேரி’, ‘கலிஃபோர்னியா’, ‘ஆல் ஐ வான்ட்’ ஆகிய நான்கிலும் அவர் வாசிப்பது கிட்டார் அன்று; அப்பலாச்சிய மலைப்பகுதியின் டல்சிமர் என்ற மடியில் வைத்து வாசிக்கும் கருவி. அந்த நான்கையும் கிட்டாரில் பிடிக்க முயன்று சலித்துப்போகாதீர்கள். சுருதித் தந்திகள் இடைவிடாமல் ஒலிக்க, ஒரு தந்தியில் மெட்டு நகர்கிற கருவி அது. அதன் தர்க்கம் நமக்குக் கேட்டுப் பழகியதே.

ஐந்தாம் படி: குரலைப் பின்தொடருங்கள், போலச் செய்யாதீர்கள்

இளமையில் அவருடைய குரல் மேல் ஸ்தாயிக்குச் சட்டெனத் தாவிச் செல்லும். புதிதாகப் பாட வருபவர்கள் எல்லோரும் அந்தத் தாவலைத்தான் போலச் செய்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன், எவருக்கும் அது பொருந்துவதில்லை. படிக்க வேண்டியது அவர் சொற்களைத் தாளத்தில் வைக்கும் விதம். ஒரு வரியில் அளவுக்கு மேல் அசைகளைத் திணித்து, தாளம் விழுந்த பிறகு எடுத்து, அடுத்த ஆவர்த்தத்துக்குள் வழிந்து போய் முடிப்பார். அனாகத எடுப்பையும் அதீத எடுப்பையும் அறிந்தவர்கள் கையில் தாளம் போட்டுக்கொண்டே ‘ஹெஜிரா’ முழுவதையும் ஒரு முறை கேளுங்கள்.

அதன் பிறகு ‘போத் சைட்ஸ் நவ்’ பாடலின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். 1967-இல், இருபத்து மூன்று வயதில் எழுதியது அது. 1969-இன் பதிவில் அவரும் கிட்டாரும் மட்டும். 2000-இன் பதிவில் வின்ஸ் மெண்டோசா அமைத்த பெரிய ஆர்க்கெஸ்ட்ரா பின்னணியில், பல கட்டைகள் தாழ்ந்து, புகைபிடித்துக் கரகரத்த ஐம்பத்தாறு வயதுக் குரல். மேல் ஸ்தாயி போய்விட்டது. போன இடத்தை அவர் எதைக் கொண்டு நிரப்புகிறார் என்று ஒவ்வொரு வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லைத் தாமதிக்கிறார், எந்தச் சொல்லைப் பாடாமல் ஏறக்குறையப் பேசிவிடுகிறார். எனக்கு இந்தப் பயிற்சிக்கு ஓர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. வீணான நாள் என்று நினைக்கவில்லை.

ஆறாம் படி: சொற்களைத் தனியே படியுங்கள்

சாஸ்கட்டூன் பள்ளியில் ஆர்தர் கிராட்ஸ்மன் என்ற ஆசிரியர், தூரிகையால் வரையத் தெரிந்த பெண்ணுக்குச் சொற்களாலும் வரைய முடியும் என்று அவருக்கு உணர்த்தினார். முதல் ஆல்பத்தை அவர் அந்த ஆசிரியருக்கே காணிக்கையாக்கினார். ஜோனி தம்மை ஓவியராகவே முதலில் கருதுபவர், ஆல்பம் அட்டைகள் பலவற்றை அவரே வரைந்தார். எழுத்து வராத நாட்களில் வரையப் போய்விடுவதைப் பயிர் சுழற்சி என்று சொல்வார். பாடல் வரிகளை மெட்டில்லாமல் தாளில் எழுதி, அவற்றில் கண்ணால் காணக்கூடிய பொருள்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். உணர்ச்சியைப் பெயர் சொல்லி அழைக்கும் வரிகள் எவ்வளவு குறைவு என்பது அப்போது தெரியும்.

ஏழாம் படி: உடன் வாசித்தவர்களைக் கேளுங்கள்

அவருடைய கார்டுகளுக்கு உடன் வாசிப்பது ராக் இசைக்காரர்களுக்குக் கடினமாக இருந்தது. டிரம்ஸ் கலைஞர் ரஸ் கங்கல், ஜாஸ் கலைஞர்களைத் தேடிக்கொள்ளும்படி அவருக்கு யோசனை சொன்னார். அதன் விளைவாக 1974-இன் ‘கோர்ட் அண்டு ஸ்பார்க்’ ஆல்பத்தில் டாம் ஸ்காட்டின் எல்.ஏ. எக்ஸ்பிரஸ் குழு வந்தது. இரண்டாண்டுகள் கழித்து ‘ஹெஜிரா’வின் சில பாடல்களில் ஜேக்கோ பாஸ்டோரியஸ் ஃபிரெட் இல்லாத பேஸ் கிட்டாருடன் வந்தார். மற்றவர்கள் கார்டின் ஆதார ஸ்வரத்தில் ஆணியடித்து நிற்பார்கள். ஜேக்கோ கமகம்போல் வழுக்கிச் சென்று குரலோடு பேசினார். நீங்கள் ஒரு குழுவில் வாசிப்பவரானால், உங்கள் பேஸ் கலைஞரைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைச் சேர்ந்து கேளுங்கள்.

எட்டாம் படி: அவருடைய கருவியை வாங்கி உங்கள் பாட்டை எழுதுங்கள்

மேலே சொன்ன மூன்று சுருதியமைப்புகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு தந்தியை மட்டும் உங்கள் விருப்பப்படி அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ மாற்றுங்கள். இப்போது உங்களுக்கு எந்தக் கார்டின் பெயரும் தெரியாது. பெயர் தெரியாத கழுத்தில் விரல் தடவிப் போகும்போது பழக்கம் உதவாது, காது மட்டுமே உதவும். அந்த நிலையில்தான் அவர் வேலை செய்துவந்தார். கிடைத்ததை உடனே பதிவு செய்து, சுருதியை அவருடைய முறையிலேயே எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால் மறுநாள் காலை அந்தப் பாட்டு திரும்பி வராது. சொற்களைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அவருடைய நிழல் விழுந்துவிடும். நான் இப்படி எழுதிய பதினோரு பாடல்களில் இரண்டை மட்டும் மேடையில் பாடியிருக்கிறேன்.

அவருடைய பாடலையே மேடையில் வாசிப்பதானால், சரியான சுருதியில் வாசியுங்கள், எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள். பதிவு செய்து வெளியிடுவதானால் உரிய உரிமம் பெறுங்கள்.

கடைசியாக ஒரு காணொளியைப் பாருங்கள். 2015-இல் மூளையில் இரத்தக்குழாய் வீங்கியதால் விழுந்த அவர், நடக்கவும் பேசவும் மறுபடியும் கற்க வேண்டியிருந்தது, கிட்டாரும் மறந்துபோயிருந்தது. 2022 ஜூலை 24 அன்று நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், பாடகி பிராண்டி கார்லைலும் நண்பர்களும் சூழ்ந்திருக்க, எழுபத்தெட்டு வயதில் எலெக்ட்ரிக் கிட்டாரோடு எழுந்து நின்று, தம் பழைய பாடல் ஒன்றைக் குரலின்றிக் கிட்டாரில் மட்டும் வாசித்தார். எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டதற்கு, விரல்களை எங்கே வைப்பது என்று தம் பழைய காணொளிகளைப் பார்த்துக் கற்றதாகச் சொன்னார்.